வாசலில் நிற்கும் செடியின் பெயர் என்ன?



இந்த முறை ஒரு பூவிலிருந்து தொடங்குகிறேன். லெம்பா பெர்த்தாமிலும் ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் அந்தப் பூவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வேலியோரம் ஆள் உயரத்துக்குச் செடி நிற்கும். எக்காளத்தைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாற்போல ஒரு சாண் நீளத்துக்குப் பூ தொங்கும். வெள்ளையிலும் உண்டு, மஞ்சளிலும் உண்டு, இளஞ்சிவப்பிலும் உண்டு. பொழுது சாய்ந்தால் வாசம் லயத்தின் கடைசி வீடு வரைக்கும் வரும்.

எங்கள் வீட்டு வாசலிலும் அப்படி ஒரு செடி நின்றது. யார் வைத்தார்கள், எப்போது வைத்தார்கள் என்று எவருக்கும் நினைவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் தங்கையின் பேத்தி, நான்கு வயதுக் குழந்தை, கீழே விழுந்த பூ ஒன்றை எடுத்துப் பீப்பீ ஊதி விளையாடிக்கொண்டிருந்தாள். ஊதியதோடு நில்லாமல் கடித்தும் பார்த்திருக்கிறாள். பெரியவர்கள் நாங்கள் உள்ளே தேநீர் குடித்தபடி பேசிக்கொண்டிருந்தோம்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். குழந்தையின் முகம் சிவந்துவிட்டது. வாய் வறண்டது. கண்ணின் கருமணி அகல விரிந்துவிட்டது. இல்லாத பூனையைக் கூப்பிட்டாள். அம்மாவைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டாள். காத்து கருப்பு என்றார் ஒருவர். திருநீறு பூசச் சொன்னார் இன்னொருவர். பூசிக்கொண்டே காரில் ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டாள்?" என்பது. பூ என்றோம். "என்ன பூ?" என்றார். என் தங்கை என் முகத்தைப் பார்த்தாள். நான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். "வாசல்ல நிக்குமே டாக்டர், நீளமா தொங்குமே, அந்தப் பூ" என்பதற்கு மேல் எங்களால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் திரும்ப ஓடி ஒரு கிளையை ஒடித்துக் கொண்டு வந்த பிறகுதான் டாக்டருக்கு விஷயம் விளங்கிற்று. இரண்டு நாளில் குழந்தை தேறிவிட்டாள். ஆனால் அந்த அரை மணி நேரம் நாங்கள் தலைகுனிந்து நின்றதை நான் மறக்கவில்லை. கொழுந்து கிள்ளியும் மருந்தடித்தும் கவ்வாத்து வெட்டியும் மூன்று தலைமுறையாகச் செடிகொடியோடு வாழ்கிற குடும்பம் எங்களுடையது. வாசலில் நின்ற செடியின் பெயர் எங்களுக்குத் தெரியவில்லை.

அதன் பெயர் புருக்மான்சியா. நம் ஊமத்தைக்கு நெருங்கிய உறவு. மலாய்க்காரர்கள் கெச்சுபோங் என்று சொல்வதும் ஊமத்தையைத்தான். இதற்குச் சொந்த ஊர் தென் அமெரிக்கா. இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. சிறு பிள்ளைகள் இருக்கிற வீட்டு வாசலில் நிற்க வேண்டிய செடி அல்ல. இதைப் படிக்கும் தாய்மார்கள் தயவு செய்து இன்றைக்கே வாசலைப் பாருங்கள்.

சரி, செடியின் பெயரையும் குணத்தையும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள எங்கே போவது? அதற்காகவே உலகத்தில் ஓர் இடம் ஏற்பட்டது. அதுதான் தாவரவியல் பூங்கா. நல்ல தாவரவியல் பூங்கா எப்படி இருக்க வேண்டும் என்பதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். "நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். சம்பந்தம் நிறைய இருக்கிறது.

செடிக்கும் ஒரு செக்ரோல்

இத்தாலி நாட்டில் பாதுவா என்ற ஊரில் 1545ஆம் ஆண்டில் ஒரு தாவரவியல் பூங்கா அமைத்தார்கள். அமைத்த இடத்திலேயே இன்றும் இருக்கிற மிகப் பழைய பூங்கா அதுதான். எதற்காக அமைத்தார்கள் தெரியுமா? அழகுக்காக அல்ல. மருத்துவம் படிக்கிற மாணவர்கள் மூலிகையையும் அதைப் போலவே தோன்றும் வேறு செடியையும் பிரித்து அறிவதற்காக. ஒன்றை மற்றொன்றாக நினைத்துக் கொடுத்தால் நோயாளியின் உயிர் போய்விடும் அல்லவா? எங்கள் வாசலில் நடந்த கதைதான் அது. அவர்கள் ஏறத்தாழ 480 ஆண்டுகளுக்கு முன்பே விழித்துக்கொண்டார்கள்.

ஆகவே நல்ல தாவரவியல் பூங்காவின் முதல் அடையாளம் பெயர்ப்பலகை. பூ நிறையப் பூத்திருக்கிற இடமெல்லாம் தாவரவியல் பூங்கா ஆகிவிடாது. நம் மலையில் ரோஜாத் தோட்டம் இருக்கிறது, ஸ்ட்ராபெரித் தோட்டம் இருக்கிறது. கண்ணுக்கு அழகு, படம் எடுக்கவும் நல்லது. தாவரவியல் பூங்கா என்றால் நிற்கிற ஒவ்வொரு மரத்துக்கும் செடிக்கும் பதில் சொல்ல ஒரு புத்தகம் இருக்க வேண்டும்.

தோட்டத்து மக்களுக்கு இதை விளக்குவது எளிது. ஆபீஸில் செக்ரோல் புத்தகம் இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளின் பெயர், நம்பர், எந்த ஊர், எப்போது வேலைக்குச் சேர்ந்தார், எந்த நிரையில் நிற்கிறார் எல்லாம் அதில் உண்டு. பிரட்டுக்கு வராதவருக்கு அன்று பெயர் இல்லை. நல்ல பூங்காவிலும் அப்படியே. இந்த மரத்துக்கு இன்ன நம்பர், இன்ன நாட்டிலிருந்து, இன்ன ஆண்டில், இன்னார் கொண்டுவந்த விதை, இந்த இடத்தில் நட்டோம், இந்த ஆண்டில் பட்டுப்போயிற்று என்பது வரைக்கும் எழுதி வைப்பார்கள். அந்தப் புத்தகம் தொலைந்தால் பூங்காவில் மரங்கள் இருக்கும், பூங்கா இருக்காது.

தைப்பூசத்துக்குப் பஸ் பிடித்துப் பினாங்குத் தண்ணீர்மலைக்குப் போகிறவர்கள் நம்மில் பலர். காவடி முடிந்து, அன்னதானம் சாப்பிட்டு, நேரே பஸ் ஏறிவிடுகிறோம். கோயிலுக்குப் பக்கத்திலேயே, அருவி விழும் பள்ளத்தாக்கில் பினாங்குத் தாவரவியல் பூங்கா இருக்கிறது. 1884ஆம் ஆண்டில் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்ற வெள்ளைக்காரர் பழைய கருங்கல் குவாரி ஒன்றைத் திருத்தி உண்டாக்கியது. அடுத்த முறை ஒரு மணி நேரம் ஒதுக்கி உள்ளே போய்ப் பாருங்கள். குரங்குகளிடம் மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள், கையில் பழப்பை வேண்டாம்.

அங்கே நாகலிங்க மரம் பார்க்கலாம். தண்டிலேயே பூத்து, உருண்டை உருண்டையாகக் காய்த்துத் தொங்கும். பூவுக்குள்ளே லிங்கம் போலவும், மேலே நாகம் படமெடுத்தது போலவும் இருப்பதால் நாம் சிவன் கோயிலில் வைத்துக் கும்பிடுகிறோம். அது ஆதியிலிருந்தே தமிழ்நாட்டு மரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதன் பிறந்த ஊரும் தென் அமெரிக்காதான்! கடல் கடந்து வந்த மரத்தை நாம் கோயிலுக்குள் சேர்த்துக்கொண்டோம். இதனால் பக்தி குறையவில்லை. நம்மைப் போலவே அதுவும் கப்பலேறி வந்தது என்று தெரிந்தபின் எனக்கு அந்த மரத்தின் மேல் பாசம் கூடிற்று.

நம்மை இங்கே கொண்டுவந்த 22 கன்றுகள்

இரண்டாவது அடையாளம், நல்ல பூங்காவில் நாற்றங்கால் இருக்க வேண்டும். வைத்துக் காட்டினால் மட்டும் போதாது, முளைக்க வைத்துக் கொடுக்கவும் வேண்டும்.

இங்கேதான் நம் குடும்பக் கதை வருகிறது. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்ஹாம் என்பவர் பிரேசில் நாட்டுக் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுசென்றார். அவற்றில் மூவாயிரத்துக்கும் குறைவானவைதான் முளைத்தன. கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. மறு ஆண்டு, 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. அவற்றில் ஒன்பது கோலா கங்சாருக்குப் போய் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று கோலா கங்சாரில் இன்றும் நிற்கிறது. ஈப்போவிலிருந்து பினாங்கு போகிற வழிதான்.

1888ஆம் ஆண்டில் ஹென்றி ரிட்லி என்பவர் சிங்கப்பூர் பூங்காவின் பொறுப்புக்கு வந்தார். மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவி, மீன் முள் போலக் கோடு போட்டுப் பால் எடுக்கும் முறையை அவர்தான் அங்கே வளர்த்த மரங்களில் சோதித்துச் சோதித்துக் கண்டார். காப்பித் தோட்டத் துரைமார்களைப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் சட்டைப் பையில் ரப்பர் விதைகளைத் திணிப்பாராம். பைத்தியக்கார ரிட்லி என்று ஊரே சிரித்தது. 1896ஆம் ஆண்டில் மலாக்காவில் தான் சாய் யான் என்ற சீனர் துணிந்து ரப்பர் தோட்டம் போட்டார். காப்பி விலை விழுந்தது, ரப்பர் விலை ஏறிற்று. சிரித்தவர்கள் எல்லாரும் விதை கேட்டு வரிசையில் நின்றார்கள்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கும் எனக்கும் தெரியும். காடு வெட்ட ஆள் வேண்டும், மரம் சீவ ஆள் வேண்டும். நம் பாட்டனும் பாட்டியும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்கள். யோசித்துப் பாருங்கள், அந்த 22 கன்றுகளும் கருகிப் போயிருந்தால் நம்மில் எத்தனை பேர் இந்த நாட்டில் பிறந்திருப்போம்?

கொயினா மருந்தின் கதையும் இப்படித்தான். மலேரியா காய்ச்சலுக்கு அந்தக் காலத்தில் கைகண்ட மருந்து அதுதான். சின்கோனா என்ற மரத்தின் பட்டையிலிருந்து எடுப்பது. இலங்கையில் நுவரெலியா பக்கம் இருக்கும் ஹக்கல பூங்காவை 1861ஆம் ஆண்டில் தொடங்கியதே சின்கோனா வளர்ப்பதற்காகத்தான். நம் கேமரன் மலையிலும் 1920களில் விவசாயச் சோதனை நிலையம் ஒன்று வைத்து, தேயிலை வருமா, சின்கோனா வருமா, காப்பி வருமா, காய்கறி வருமா என்று நட்டுப் பார்த்தார்கள். 1929ஆம் ஆண்டில் ரசல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இன்று நீங்கள் நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கும் மலைச் சரிவுக்கும், பள்ளத்தாக்கில் விளையும் முட்டைக்கோசுக்கும் பின்னால் யாரோ ஒருவர் நட்டுப் பார்த்து எழுதி வைத்த கணக்கு இருக்கிறது.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரேசில் காட்டு மரத்தால் வந்த செல்வத்தில் அந்தக் காட்டு மக்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை. சீவியவர்களுக்கும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை, அது நமக்குத் தெரியாததா? ஒரு நாட்டின் செடிகொடிகள் மேல் அந்த நாட்டுக்கே உரிமை என்று உலக நாடுகள் ஒப்பந்தம் எழுதியது 1992ஆம் ஆண்டில்தான். ஆகவே இன்றைய நல்ல பூங்கா, எங்கே எடுத்தோம், யாரைக் கேட்டு எடுத்தோம் என்பதையும் அந்தப் புத்தகத்தில் எழுதியாக வேண்டும்.

நட்டவர் போனபின்

மூன்றாவது அடையாளம், பூங்கா நிலைத்து நிற்க வேண்டும். "மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்று பழமொழி சொல்கிறோம். வைத்தவர் போய்விட்டால்?

கர்ட்டிஸ் 1884இல் தொடங்கினார் என்றேன் அல்லவா? பினாங்கில் அதுதான் முதல் பூங்கா என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு முன்பே இரண்டு இருந்து அழிந்தன. 1794ஆம் ஆண்டில் கிறிஸ்டபர் ஸ்மித் என்பவர் ஆயர் ஈத்தாம் பக்கம் ஜாதிக்காய், கிராம்பு கன்றுகளை எல்லாம் கொண்டுவந்து பெரிய பூங்கா வளர்த்தார். அவர் இறந்தபின் அது விற்கப்பட்டது. 1822ஆம் ஆண்டில் மறுபடி ஒன்று தொடங்கினார்கள். 1834இல் அதையும் விற்றுவிட்டார்கள். செலவு அதிகம், வரும்படி இல்லை என்றால் அதிகாரிகளின் கண்ணில் முதலில் படுவது பூங்காதான். சிங்கப்பூரிலும் 1822இல் ராபிள்ஸ் தொடங்கிய பூங்கா ஏழே ஆண்டில் மூடப்பட்டது. இப்போதுள்ளது 1859இல் புதிதாகத் தொடங்கியது. அதற்கு 2015ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னம் என்ற பெருமை கிடைத்தது.

அழிவு அதிகாரியால்தான் வரும் என்பதில்லை. 2013ஆம் ஆண்டு அக்டோபரில் ரிங்லெட் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் லெம்பா பெர்த்தாமுக்குள் புகுந்த இரவு நமக்கு நினைவிருக்கிறது. உயிர்கள் போயின, வீடுகள் போயின. அந்தத் துயரத்தில் கொல்லைச் செடியை யார் நினைப்பார்கள்? எனக்குத் தெரிந்த ஒரு பாட்டியம்மா நினைத்தார். அவர் தாயார் கீழ்நாட்டு ரப்பர் தோட்டத்தில் வளர்த்து, மகளைக் கட்டிக்கொடுத்தபோது கிளை ஒடித்துக் கொடுத்தனுப்பிய ஆடாதோடைச் செடி வெள்ளத்தோடு போய்விட்டது. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் மேல் லயத்துச் சம்பந்தியம்மா பிள்ளையின் சளிக்குக் கேட்டார் என்று ஒரு கிளையை ஒடித்துக் கொடுத்திருந்தார். வெள்ளம் வடிந்த பிறகு அங்கே போய் ஒரு கிளை கேட்டு வாங்கி வந்து திரும்ப நட்டார். "கொடுத்ததுதான்யா எனக்கு மிஞ்சுச்சு" என்றார்.

அந்தப் பாட்டி எந்தப் பூங்காவையும் பார்த்தவர் அல்ல. ஆனால் உலகத்திலுள்ள நல்ல பூங்காக்கள் எல்லாம் செய்வதும் அதையேதான். அரிய செடி ஒன்று கிடைத்தால் தானே பூட்டி வைத்துக்கொள்ளாமல் விதையையும் கன்றையும் மற்றப் பூங்காக்களுக்கு அனுப்பி வைப்பார்கள். ஓரிடத்தில் நோயோ நெருப்போ வந்தாலும் இன்னோர் இடத்தில் பிழைத்திருக்கும்.

நம் மலையின் சொத்து

நான்காவது, நல்ல பூங்கா தன் சொந்த ஊர்ச் செடியை மதிக்க வேண்டும். நம் பிரிஞ்சாங் மலையின் உச்சியில் பாசி படர்ந்த காடு இருக்கிறது. மேகம் வந்து மரங்களை நனைத்துவிட்டுப் போகும். அங்கே பெரியோக் கெரா என்று மலாயில் சொல்லும் குடுவைச் செடி இருக்கிறது. இலையின் நுனியில் மூடி போட்ட மங்கு போலத் தொங்கும். உள்ளே வழுக்கி விழும் பூச்சியைக் கரைத்து உணவாக்கிக்கொள்ளும். காட்டு ஆர்க்கிட் பூக்களும் அங்கே உண்டு.

இவற்றைக் காட்டிலிருந்து பிடுங்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். பத்து வெள்ளிக்கு வாங்கிக் கீழ்நாட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். மலைக்குளிரில் பிறந்த செடி அந்த வெயிலைத் தாங்குமா? சில வாரங்களில் கருகிவிடும். காட்டிலும் இல்லை, வீட்டிலும் இல்லை! நல்ல பூங்கா செடியைப் பிடுங்காது. விதை எடுத்து முளைக்க வைக்கும், பெருக்கும், காட்டில் குறைந்துபோன இடத்தில் திரும்ப நடும். பிள்ளைகளே, காட்டுச் செடியைப் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். விலைக்கு வந்தாலும் வாங்காதீர்கள். வாங்குகிறவர் இல்லாவிட்டால் பிடுங்குகிறவரும் இருக்கமாட்டார்.

ஐந்தாவது, கதவு திறந்திருக்க வேண்டும். கூலிக்காரர் பிள்ளையும் கூசாமல் நுழையும் இடமாக இருக்க வேண்டும். சிங்கப்பூர் பூங்காவில் ஆர்க்கிட் பகுதிக்கு மட்டும்தான் கட்டணம், மற்ற இடமெல்லாம் சும்மா போகலாம். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் 1974ஆம் ஆண்டில் அமைத்த ரிம்பா இல்மு பூங்காவில் மூலிகைச் செடிகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, சுற்றுலாவுக்குப் பேரங்காடிக்கும் நீர் விளையாட்டுக்கும் போவது போல ஒரு முறை இப்படிப்பட்ட இடத்துக்கும் பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

எனக்கு ஒரு குறை மட்டும் உண்டு. பெயர்ப்பலகையில் அறிவியல் பெயர் இருக்கும், மலாய் இருக்கும், ஆங்கிலம் இருக்கும். வேம்புக்கும் மகிழுக்கும் கொன்றைக்கும் நம் பெயரைப் பெரும்பாலும் காணோம். யாரைக் குறை சொல்வது? நம் பெயரை நாமே எழுதி வைக்கவில்லையே. பாட்டி போனால் அவரோடு பத்துச் செடியின் பெயரும் போய்விடுகிறது.

ஆகவே வாசகர்களே, இந்த மாதம் ஒரு சின்ன வேலை தருகிறேன். காசு செலவில்லை. பால் டின் மூடி ஒன்றை எடுங்கள். ஆணியால் துளை போட்டுக் கம்பி கோத்துக்கொள்ளுங்கள். அழியாத மையில் நான்கு வரி எழுதுங்கள். செடியின் தமிழ்ப் பெயர், மலாய்ப் பெயர், யார் எங்கிருந்து எந்த ஆண்டில் கொண்டுவந்தது, உண்ணலாமா, மருந்தா, நஞ்சா. அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பாட்டியைக் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். அவர் சொல்லட்டும், பேரப்பிள்ளை எழுதட்டும். பெயர் தெரியாத செடி இருந்தால் பள்ளி ஆசிரியரிடம் காட்டிக் கேளுங்கள். பெயர் தெரிகிற வரைக்கும் அதைப் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிளையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவும் மறக்காதீர்கள்.

எங்கள் வாசலில் இப்போது அந்தப் பூ இல்லை. என் தங்கை வெட்டிவிட்டாள். அந்த இடத்தில் ஒரு கருவேப்பிலைக் கன்று நிற்கிறது. குளிருக்கு அது மெல்லத்தான் வளர்கிறது. நான்கு வயதில் பூனையைக் கூப்பிட்ட பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கன்றில் தொங்கும் டின் மூடியில் எழுத்து கொஞ்சம் கோணல்தான். "கருவேப்பிலை. பாட்டி தாப்பாவிலிருந்து கொண்டுவந்தது. சாப்பிடலாம்" என்று அவளே எழுதியிருக்கிறாள்.